பூட்டின பெட்டிக்குள்ள குவாண்டம் இருக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்குப் பதில் சொல்றப்ப போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "குவாண்டம் கருவியைச் செஞ்சவனைக் கொஞ்சமும் நம்பாம, அதைத் திறந்துகூடப் பாக்காம, உள்ள நிஜமாவே குவாண்டம் சமாச்சாரம் நடக்குதான்னு வெளியில இருந்தே சோதிச்சுடலாம்"னு (குவாண்டம்னா அணு, ஒளித் துகள் அளவுல நடக்கற இயற்பியல்). அந்த ஒத்தை வரிக்கு வந்த கடிதங்கள்ல பாதி "எப்படி சார்?", மீதி "சும்மா அளக்காதீங்க". அதனால இந்தத் தடவை முழுக்க இதேதான், மத்த கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: குவாண்டம் ரேண்டம் நம்பர் பெட்டின்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதுல வர்ற எண்களை எடுத்து ரேண்டமா இருக்கான்னு டெஸ்ட் போட்டுப் பாத்தா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சி?

முடியாது, அதான் விஷயமே. இந்த எண்களை ரகசியச் சாவி செய்யறதுக்குத்தான் வாங்கறாங்க, அதனால வேற யாருக்கும் அது முன்கூட்டித் தெரியவே கூடாது. ரேண்டமா இருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர் எல்லாம் என்ன பண்ணுது, 0 எவ்ளோ 1 எவ்ளோ, அடுத்தடுத்து ஒரே மாதிரி வருதா, ஏதாவது பேட்டர்ன் தெரியுதான்னு எண்ணுது. பை இருக்கு பாருங்க, 3.14159ன்னு போகுமே, அதோட இலக்கங்களைக் கோடிக்கணக்குல எடுத்து அந்த டெஸ்ட்ல போடுங்க, ஜம்முனு பாஸ் ஆயிடும். ஆனா பையில ரகசியம் என்ன இருக்கு, உலகத்துல யார் வேணா கணக்குப் போட்டு அடுத்த இலக்கத்தைச் சொல்லிடலாம்.

இன்னும் மோசமான ஒண்ணு சொல்றேன். பெட்டியைச் செஞ்சவன் நிஜமாவே நல்ல ரேண்டம் எண்களை எங்கேயோ உருவாக்கி, ஒரு மெமரி கார்டுல நிரப்பி, அதைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டு, அதே கார்டோட நகல் ஒண்ணைத் தன் மேஜை டிராயர்ல போட்டுக்கிட்டான்னு வைங்க. உங்களுக்கு வர்ற எண் ஒவ்வொண்ணும் அப்பழுக்கில்லாத ரேண்டம். அவனுக்கும் ஒவ்வொண்ணும் தெரியும். எண்களைப் பாத்து இதைக் கண்டுபிடிக்க எந்த டெஸ்டாலயும் முடியாது, ஏன்னா எண்கள்ல எந்தக் கோளாறுமே இல்ல.

இது கற்பனைக் கதைன்னு நினைக்காதீங்க. ட்யூயல் ஈசின்னு ஒரு ரேண்டம் எண் முறையை அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2006ல ஸ்டாண்டர்டாவே வெளியிட்டுச்சு, அடுத்த வருஷமே ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் "இதுல இருக்கற ரெண்டு எண்களை யார் தேர்ந்தெடுத்தாங்களோ அவங்க கையில ஒரு ரகசியச் சாவி இருக்கலாம், அதை வெச்சு அடுத்து வரப்போறதை எல்லாம் சொல்லிடலாம்"னு காட்டினாங்க. 2013ல எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்க உளவு ஆவணங்கள் வந்தப்புறம் சந்தேகம் வலுத்து, 2014ல அதை ஸ்டாண்டர்டுல இருந்தே தூக்கினாங்க. அது குவாண்டம் பெட்டி இல்ல, சாதாரண சாஃப்ட்வேர்தான். ஆனா வெளியே வர்ற எண்ணை மட்டும் பாத்துப் பெட்டியை எடை போட முடியாதுங்கறது ரெண்டுக்கும் பொது.

ஒரு கண்காட்சில இந்த மாதிரிப் பெட்டி விக்கிற ஸ்டாலுக்குப் போய், "உள்ள குவாண்டம்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். அவர் ஒரு சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினாரு. "இது யார் குடுத்தது?"ன்னேன். "நாங்கதான் டெஸ்ட் பண்ணோம்"னாரு. "திறந்து காட்டுங்க"ன்னேன். "சீல் உடைஞ்சா வாரன்டி போயிடும்"னாரு. நல்ல மனுஷர்தான், காபி கூட வாங்கித் தந்தாரு.

கேள்வி: அப்போ எண்களைப் பாத்தும் தெரியாது, திறந்தும் பாக்கக் கூடாதுன்னா வேற என்னதான் வழி? மேத்ஸ் கம்மியா சொல்லுங்க ப்ளீஸ், நான் காமர்ஸ் ஸ்டூடன்ட்.

மேத்ஸே இல்லாம சொல்றேன், ஒரு பேப்பர் மட்டும் எடுத்துக்கங்க.

ஒரு பெட்டியை விட்டுடுங்க, ரெண்டு பெட்டி கேளுங்க. ரெண்டையும் தனித்தனி ரூம்ல வெச்சு, ஒண்ணோட ஒண்ணு பேச முடியாதபடி பண்ணிடுங்க. இப்ப ஒரு விளையாட்டு. ஒவ்வொரு சுத்துலயும் முதல் பெட்டிக்கு 0 இல்லன்னா 1ன்னு ஒரு கேள்வி, ரெண்டாவது பெட்டிக்கும் அதே மாதிரி தனியா ஒரு கேள்வி, ரெண்டையும் காசு சுண்டிப் போட்டு எடுக்கறோம். ஒவ்வொரு பெட்டியும் 0 இல்ல 1ன்னு ஒரு பதில் சொல்லணும். ஜெயிக்கறதுக்கு ரூல் ஒண்ணே ஒண்ணு: ரெண்டு பெட்டிக்கும் கேள்வி 1ஆ வந்தா பதில்கள் வேற வேறயா இருக்கணும், மத்த மூணு சேர்க்கைலயும் பதில்கள் ஒண்ணாவே இருக்கணும். அவ்ளோதான்.

இப்ப உள்ள குவாண்டம் எதுவும் இல்லாத, முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டு வந்த பெட்டிங்க என்ன பண்ண முடியும்னு பாருங்க. முதல் பெட்டி தன்னோட பதில்களை எழுதி வெச்சிருக்கும், 0 கேட்டா இது, 1 கேட்டா இது. ரெண்டாவதும் அப்படித்தான். எல்லா சேர்க்கைலயும் ஜெயிக்கணும்னா: முதல் பெட்டியோட "1க்கான பதில்" ரெண்டாவதோட "0க்கான பதிலோட" ஒத்துப்போகணும். அந்த "0க்கான பதில்" முதல் பெட்டியோட "0க்கான பதிலோட" ஒத்துப்போகணும். அது ரெண்டாவதோட "1க்கான பதிலோட" ஒத்துப்போகணும். சங்கிலி மாதிரி கோத்துப் பாருங்க, நாலும் ஒரே பதில் ஆயிடுச்சு. ஆனா ரூல் என்ன சொல்லுது, ரெண்டுக்கும் 1 வந்தா வேற வேறயா இருக்கணும். மாட்டிக்கிச்சா? நாலு சேர்க்கைல ஏதாவது ஒண்ணு தோத்தே ஆகணும். என்ன திட்டம் போட்டாலும், எவ்ளோ பெரிய கம்ப்யூட்டரை உள்ள வெச்சாலும், 75 சதவீதத்துக்கு மேல போகாது.

குவாண்டம் பிணைப்புல இருக்கற துகள் ஜோடியை, அதாவது பிரிச்சு வெச்சாலும் அளந்தா ரெண்டோட பதிலும் ஒண்ணுக்கொண்ணு தொடர்போடவே வர்ற ஜோடியை, ஆளுக்கொண்ணா வெச்சிருக்கற பெட்டிங்க இதே விளையாட்டை 85.36 சதவீதம் வரைக்கும் ஜெயிக்கும். உச்சவரம்பே அதுதான்.

1964ல ஜான் பெல்ங்கற இயற்பியலாளர் போட்ட விதை இது, அதனால இந்த மாதிரி சோதனைக்குப் பேரே பெல் சோதனை. இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தது 1969ல கிளாஸர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட்னு நாலு பேர். 85.36க்கு மேல குவாண்டமாலயும் முடியாதுன்னு 1980ல சிரெல்சன் காட்டினாரு.

ஆக, பெட்டியைத் திறக்க வேண்டாம், செஞ்சவன் யாருன்னு பாக்க வேண்டாம். கேள்வி போடு, பதில் வாங்கு, ஸ்கோரை எண்ணு. 75ஐத் தாண்டிச்சுன்னா உள்ள முன்கூட்டியே எழுதி வெச்ச பதில் பட்டியல் இல்லன்னு அர்த்தம். அந்த மெமரி கார்டு ஆசாமி இங்கதான் அவுட்.

கேள்வி: அது என்ன 85.36, ஏதோ சதுரங்க ரேட்டிங் மாதிரி? 80, 90ன்னு ரவுண்டா வர வேண்டியதுதானே?

போலராய்டு கூலிங் கிளாஸ் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு மெதுவாத் திருப்பிப் பாத்திருக்கீங்களா, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா இருட்டாகும். எந்தக் கோணத்துக்கு எவ்ளோ வெளிச்சம்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கோணத்தோட கொசைனை அதாலயே பெருக்கணும். பிணைப்புல இருக்கற ரெண்டு போட்டானை (ஒளித் துகளை) ரெண்டு பெட்டி அளந்தா, ரெண்டோட பதிலும் ஒத்துப்போற வாய்ப்பும் இதே கணக்குதான்.

முதல் பெட்டி கேள்வி 0க்கு 0 டிகிரில அளக்கட்டும், 1க்கு 45 டிகிரில. ரெண்டாவது பெட்டி 0க்கு 22.5, 1க்கு மைனஸ் 22.5. இப்ப நாலு சேர்க்கைல மூணுல வித்தியாசம் 22.5 டிகிரிதான், கிட்டத்துல இருக்கு, அதனால பெரும்பாலும் ஒரே பதில். ரெண்டுக்கும் 1 வந்தா மட்டும் வித்தியாசம் 67.5, தூரம், அதனால பெரும்பாலும் வேற வேற பதில். ரூல் என்ன கேட்டுச்சோ அதுவே. 22.5 டிகிரிக்குக் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 0.8536 வரும். சதுரங்கம் இல்ல, ஜியாமெட்ரி.

கேள்வி: ஒரு பெட்டில கேட்டதை இன்னொண்ணு தெரிஞ்சுக்குதுன்னா, ஒளியை விட வேகமா மெசேஜ் அனுப்பிடலாம்ல?

முடியாது. ஒரு பெட்டியோட பதிலை மட்டும் தனியாப் பாத்தா அது எப்பவும் பாதிக்குப் பாதி 0, 1தான், அந்தப் பக்கம் என்ன கேட்டாலும். ரெண்டு பேரோட நோட்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டாதான் ஸ்கோர் தெரியும், அந்த நோட்டைத் தூக்கிட்டு வர்றதுக்கு ஒளியை விட வேகமான வண்டி இல்ல.

கேள்வி: எல்லாம் சரி, பெட்டிக்குள்ள ஒரு சின்ன ப்ளூடூத் சிப் வெச்சுட்டா? நான் ஹார்டுவேர் ஆளு, செஞ்சவன் திருடன்னு வெச்சுக்கிட்டா நான் முதல்ல பண்றது அதுதான்.

உங்க கடிதத்தைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா இயற்பியல்காரங்க இந்த ஒரே கேள்வியோட 50 வருஷம் மல்லுக்கட்டியிருக்காங்க. பெட்டிங்க பேசிக்கிட்டா 100 சதவீதம் கூட ஜெயிக்கலாம், சோதனையே செல்லாது. அதுக்கு ரொம்ப கறாரான வழி, தூரமா வெச்சுடறது. ஒரு பெட்டிக்குக் கேட்ட கேள்வி இன்னொண்ணுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டுமே பதில் சொல்லியாகணும். 1.3 கிமீ இடைவெளின்னா ஒளிக்கே சுமார் 4 மைக்ரோசெகண்ட் ஆகும். அதுக்குள்ள கேள்வியும் முடியணும் பதிலும் முடியணும், அப்ப எந்தச் சிப்பை வெச்சாலும் பிரயோஜனம் இல்ல.

ஆனா நீங்க இன்னொரு திருட்டை விட்டுட்டீங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. பெட்டிங்க பேசிக்கவே வேண்டாம், "போட்டான் வரல, மிஸ் ஆயிடுச்சு"ன்னு பொய் சொன்னா போதும். ரெண்டும் முன்னாடியே பேசி வெச்சுக்குதுங்க, இந்தச் சுத்துல எல்லாத்துக்கும் பதில் 0. முதல் பெட்டிக்கு கேள்வி 0 வந்தா ரெண்டும் 0 சொல்லும், ஜெயிச்சாச்சு. முதல் பெட்டிக்கு 1 வந்துடுச்சா, உடனே அது "டிடெக்டர் பிடிக்கல"ன்னு வாயை மூடிக்கும். நீங்களும் பாவம், டிடெக்டர்னா அப்படித்தானேன்னு அந்தச் சுத்தை அடிச்சுட்டு மிச்சத்தை எண்ணுவீங்க. ஸ்கோர் 100! குவாண்டமே எட்டாத ஸ்கோரை ஒரு சோம்பேறிப் பெட்டி எடுத்துடுது.

அதனால "வரல"ங்கற சுத்தை அடிக்கக் கூடாது, அதையும் ஒரு பதிலா எண்ணியாகணும். அப்படி எண்ணினா டிடெக்டர் நல்லா இருந்தாதான் 75ஐத் தாண்ட முடியும். முழுசாப் பிணைஞ்ச ஜோடிக்கு 82.8 சதவீதமாவது பிடிக்கணும், ஜோடியைக் கொஞ்சம் சாமர்த்தியமாத் தயார் பண்ணினா மூணுல ரெண்டு பங்குக்கு மேல பிடிச்சாலே போதும்னு 1993ல எபர்ஹார்ட் காட்டினாரு. அந்தக் காலத்து டிடெக்டர்களுக்கு அதுவே எட்டாக் கனி.

இந்த ரெண்டு ஓட்டையையும் ஒரே சோதனைல அடைச்சது 2015லதான், நெதர்லாந்தோட டெல்ஃப்ட், ஆஸ்திரியாவோட வியன்னா, அமெரிக்காவோட போல்டர்னு மூணு இடத்துல அதே வருஷம். டெல்ஃப்ட் கணக்கைப் பாருங்க. 1.3 கிமீ தள்ளி ரெண்டு வைரம், அதுக்குள்ள ஆளுக்கொரு எலக்ட்ரான், 220 மணி நேர அளவீடு, கிடைச்சது வெறும் 245 சுத்து. ஜெயிச்சது 196, அதாவது 80 சதவீதம். 75 சதவீதம்னா 184 வரும். பன்னெண்டே பன்னெண்டு சுத்து கூட, அதுக்குத்தான் இவ்ளோ பாடு. அதிர்ஷ்டத்துல அப்படி வர்ற வாய்ப்பு சுமார் 4 சதவீதம்னு அவங்களே நேர்மையா எழுதியிருந்தாங்க. வியன்னா, போல்டர் ரெண்டும் போட்டான் வெச்சு ஏகப்பட்ட சுத்து ஓட்டினதால அங்க சந்தேகத்துக்கு இடமே இல்லாம போச்சு. 2022 நோபல் பரிசு ஆஸ்பே, கிளாஸர், சைலிங்கர் மூணு பேருக்கும் வந்ததுக்கு பல வருஷமா தொடர்ந்த இந்தச் சோதனை வரிசைதான் காரணம்.

கேள்வி: ரேண்டமை சோதிக்கறதுக்கே ரேண்டமா காசு சுண்டணும்ங்கறீங்க. காசு ரேண்டம்னு யார் சொன்னா? இது சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வருதே!

சபாஷ். ஆமா, சுத்தி வருது, அதை மறைக்க முடியாது. பெட்டிக்கு அடுத்த கேள்வி முன்னாடியே தெரிஞ்சுட்டா ஆட்டம் காலி. அதனால கையில கொஞ்சமாவது, செஞ்சவனுக்குத் தெரியாத ரேண்டம் வேணும். ஆனா அந்தக் கொஞ்சத்தை விதையாப் போட்டு நிறைய அறுவடை பண்ணலாம்ங்கறது 2006ல கோல்பெக் சொன்ன யோசனை. 2010ல யெட்டர்பியம்ங்கற உலோகத்தோட ரெண்டு அயனை (மின்னூட்டம் உள்ள அணுவை) ஒரு மீட்டர் தள்ளி வெச்சு செஞ்சு காட்டினாங்க, கிட்டத்தட்ட ஒரு மாசம் ஓட்டி 3,016 சுத்துல வந்தது 42 பிட். ஆமா, நாப்பத்திரெண்டுதான். சிரிக்காதீங்க, உலகத்துல அதுக்கு முன்னாடி "இது யாருக்கும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்காது"ன்னு கருவியை நம்பாமலே கேரன்டி பண்ணின பிட் ஒண்ணு கூட இல்ல. 2018ல அதே மாதிரி 1,024 பிட் எடுத்தாங்க, இப்ப இன்னும் வேகம்.

கேள்வி எங்கிருந்து வரணும்ங்கறதுல ஆளுக்கொரு கிறுக்கு. 2016 நவம்பர் 30ஆம் தேதி உலகம் முழுக்க சுமார் ஒரு லட்சம் பேரை ஆன்லைன் கேம் விளையாட வெச்சு, அவங்க தட்டின 0, 1ஐயே பல நாட்டு லேபுக்குக் கேள்வியா அனுப்பினாங்க. இன்னொரு குரூப் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கற குவேசார்ல (ரொம்பப் பிரகாசமான விண்மீன் மண்டல மையத்துல) இருந்து வர்ற வெளிச்சத்தோட நிறத்தைப் பாத்துக் கேள்வியை முடிவு பண்ணுச்சு, அதாவது ஏமாத்தணும்னா நம்ம பூமி உருவாகறதுக்கு முன்னாடியே சதி பண்ணியிருக்கணும். பிரபஞ்சமே சேர்ந்து சதி பண்ணுதுன்னு அப்பவும் ஒருத்தர் பிடிவாதமா சொன்னா, அவரோட நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: எங்க ஆஃபீஸ்ல ஐடி பாக்கறது நான்தான். குவாண்டம் கீ சிஸ்டம் விக்க வந்தவர் "இதை உடைக்க முடியாது, இயற்பியல் விதியே கேரன்டி"ன்னாரு. மேனேஜர் அப்படியே மயங்கிட்டாரு. நான் என்ன சொல்லட்டும் அண்ணா?

தம்பி, இயற்பியல் விதி கேரன்டி குடுக்கறது பேப்பர்ல இருக்கற முறைக்கு, அவர் கொண்டு வந்த டப்பாவுக்கு இல்ல. இதை மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லு, மீதி அவரே யோசிப்பாரு.

கீன்னா தகவலைப் பூட்டற ரகசியச் சாவி, அதைப் போட்டான் வழியா ரெண்டு பேருக்கு உண்டாக்கித் தர்றதுதான் இந்த சிஸ்டம். 1984ல பென்னட், பிராசார்ட் சொன்ன முறைல நடுவுல யாராவது போட்டானைத் தொட்டா தெரிஞ்சுடும், அது நிஜம். ஆனா அந்த நிரூபணத்துல "உன் டிடெக்டர் ஒத்தை போட்டானைத்தான் பாக்குது"ங்கறது முன்கூட்டியே எடுத்துக்கிட்ட விஷயம். 2010ல ஒரு குரூப் என்ன பண்ணாங்க தெரியுமா, கடையில கிடைக்கற ரெண்டு சிஸ்டத்தை வாங்கி, ஃபைபர் வழியா டிடெக்டர் மேல பளீர்னு லேசரை அடிச்சாங்க. டிடெக்டர் கண்ணு கூசிப் போய் குவாண்டம் வேலையை விட்டுட்டு சாதாரண லைட் சென்சார் மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் இவங்க எப்ப சொன்னாங்களோ அப்ப மட்டும் கிளிக் பண்ணுச்சு. இப்படிப் பண்ணினா கீ மொத்தமும் தடயமே இல்லாம திருடிடலாம், சிஸ்டம் ஸ்கிரீன்ல "எல்லாம் நலம்"னுதான் இருக்கும். எந்த இயற்பியல் விதியும் மீறப்படல.

கருவியையே நம்பாத கீ முறைன்னு ஒண்ணு இருக்கு. 1991ல ஏகர்ட் பெல் சோதனையைக் கீக்குப் பயன்படுத்தலாம்னாரு, 1998ல மேயர்ஸும் யாவும் "கருவி தன்னைத்தானே சோதிச்சுக் காட்டட்டும்"னு எழுதினாங்க, 2007ல ஆசின் குரூப் அதை முழு முறையாக் கொண்டு வந்துச்சு. உள்ளே இருக்கற சூட்சுமம் இதுதான்: ஸ்கோர் 85.36ஐத் தொட்டுச்சுன்னா, ரெண்டு பெட்டியும் முழுசா ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்குன்னு கணிதமே சொல்லிடுது, வேற எந்த விதமாவும் அந்த ஸ்கோர் வராது. முழுசாப் பிணைஞ்ச ஜோடியில மூணாவது ஆள் ஒட்டிக்க இடமே கிடையாது. ஸ்கோர் கொஞ்சம் குறைஞ்சா மூணாவது ஆளுக்கு அதுக்குத் தகுந்த அளவு ஏதோ தெரிஞ்சிருக்கலாம், எவ்ளோன்னும் கணக்கு வரும், அந்த அளவைக் கழிச்சுட்டு மீதியைக் கீயா எடுத்துக்கலாம். அதாவது ஸ்கோர் போர்டே ஒட்டுக்கேக்கறவனைக் காட்டிக்குடுக்குது.

நல்லா இருக்குல்ல? இப்ப விலையைக் கேளு, காசுல இல்ல, நேரத்துல. 2022ல ஆக்ஸ்ஃபோர்டுல ரெண்டு மீட்டர் தள்ளி ரெண்டு அயன் வெச்சு, சுமார் 8 மணி நேரத்துல 15 லட்சம் பிணைப்பு ஜோடி உண்டாக்கி, எடுத்த கீ 95,628 பிட். அது 12 கிலோபைட் கூட வராது, ஒரு சின்ன ஃபோட்டோவை விடக் கம்மி. அதே நேரம் ம்யூனிக்ல 400 மீட்டர் தள்ளி ரெண்டு அணு வெச்சு 75 மணி நேரம் ஓட்டினாங்க, கீ எடுக்கற அளவுக்குப் பிணைப்பு இருக்குன்னு காட்ட முடிஞ்சுது, ஆனா கையில எடுத்துப் பயன்படுத்தற கீ வர்றதுக்கு அந்த வேகம் போதல. கடைக்கு வர இன்னும் நாள் இருக்கு.

அதனால வந்தவர்கிட்ட ஒரே கேள்வி கேளு, "இது கருவியை நம்பித்தானே வேலை செய்யுது, டிடெக்டர் மேல லேசர் அடிச்சா என்ன ஆகும்?"னு. நேராப் பதில் சொன்னாருன்னா நல்ல கம்பெனி, ஏன்னா அதுக்குத் தடுப்பு எல்லாம் வந்தாச்சு. "இயற்பியல் விதி"ன்னு திரும்பவும் ஆரம்பிச்சாருன்னா டீ குடுத்து அனுப்பிடு.

இன்னொண்ணு, கருவியை நம்பாத முறைலயும் ஒரு பொறி இருக்கு, பாரெட், கோல்பெக், கென்ட் 2013ல காட்டினது. கெட்ட பெட்டி நேத்திக்கு உருவாக்கின கீயை ஞாபகம் வெச்சுக்கிட்டு, இன்னைக்கு சோதனைக்காக நீ ஊரறியச் சொல்ற பதில்களுக்குள்ள அதைக் கொஞ்சம் கொஞ்சமா ஒளிச்சு வெளியே அனுப்பலாம். பெட்டியைச் செஞ்சவன் உன் பெட்டிகிட்டயே வர வேண்டாம், உன் அறிவிப்பைக் கேட்டா போதும். அப்ப பெட்டியை ஒரு தடவை பயன்படுத்திட்டுப் பூட்டி வெச்சுடணுமா? கறாராப் பாத்தா ஆமா.

கேள்வி: கிளவுட்ல குவாண்டம் கம்ப்யூட்டர் வாடகைக்குக் கிடைக்குது. அது ஒண்ணுதானே, ரெண்டு பெட்டியாப் பிரிக்க முடியாதே. அந்தப் பக்கம் சாதாரண சர்வரை வெச்சுட்டு ஏமாத்தினா?

சில கணக்குக்குக் கவலையே இல்ல. 617 இலக்க எண் ஒண்ணைக் குடுத்துக் காரணி கேட்டீங்கன்னா, வந்த பதிலை நீங்களே பெருக்கிப் பாத்துக்கலாம் (அந்த அளவுக்கு இப்ப இருக்கற எந்த மெஷினும் வரல, அது வேற கதை). ஆனா பெரும்பாலான குவாண்டம் கணக்குல பதிலைச் சரி பாக்க இன்னொரு குவாண்டம் கம்ப்யூட்டர் வேணும். 2019ல கூகுளோட 53 க்யூபிட் (குவாண்டம் பிட்) சிப் 200 செகண்ட்ல முடிச்சதை சூப்பர் கம்ப்யூட்டர் முடிக்க 10,000 வருஷம் ஆகும்னாங்க, ஐபிஎம் உடனே "எங்க மெஷின்ல ரெண்டரை நாள்"னுச்சு. அந்தச் சண்டைக்கு நடுவுல பலர் கவனிக்காதது, 10,000 வருஷம் ஆகும்னா பதில் சரின்னு எப்படிப் பாத்தாங்க? சின்ன சைஸ்ல பாத்து, எளிமையாக்கின சர்க்யூட்ல பாத்து, பெருசுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நீட்டிச்சாங்க. தப்புன்னு சொல்லல, ஆனா செஞ்சவங்களை நம்புற சோதனை அது.

ரெண்டு குவாண்டம் கம்ப்யூட்டர், ஒண்ணோட ஒண்ணு பேசாம இருந்தா மேல சொன்ன விளையாட்டையே விரிச்சு முழுக் கணக்கையும் சரி பாக்கலாம்னு 2013ல ரைக்கார்ட், உங்கர், வசிரானி காட்டினாங்க. ஒண்ணே ஒண்ணுதான்னா என்ன பண்றதுங்கறதை 2018ல உடைச்சது, அமெரிக்காவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல அப்ப பிஎச்டி மாணவியா இருந்த ஊர்மிளா மஹாதேவ். அந்த யோசனையோட முதல் படியை மட்டும் சொல்றேன், அதுவே சுகமா இருக்கும்.

நான் ஒரு கணக்கு மெஷின் செய்யறேன். அதுல எந்த விடையை எடுத்தாலும் அதைத் தர்ற உள்ளீடு சரியா ரெண்டு இருக்கும். என்கிட்ட ஒரு ரகசியச் சாவி இருக்கு, அதனால எனக்கு மட்டும் ரெண்டும் தெரியும், சாவி இல்லாதவனுக்கு ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணைக் கண்டுபிடிக்க ஆயுசு பத்தாது. இப்ப கிளவுட் ஆசாமிகிட்ட "எல்லா உள்ளீட்டையும் ஒண்ணாப் போட்டு ஓட்டி, ஒரு விடையை அனுப்பு"ங்கறேன். விடை வந்தப்புறம், அதுக்கு முன்னாடி இல்ல, காசு சுண்டி ரெண்டுல ஒரு கேள்வி கேப்பேன். ஒண்ணு, "உன் கையில இருக்கற உள்ளீடுல ஏதாவது ஒண்ணைக் காட்டு". இல்லன்னா, "ரெண்டு உள்ளீட்டையும் சேர்த்து வர்ற ஒரு சமன்பாட்டைச் சொல்லு".

குவாண்டம் மெஷின்கிட்ட ரெண்டு உள்ளீடும் ஒண்ணா மேல்பொருந்தி இருக்கும், எதைக் கேட்டாலும் அதுக்குத் தகுந்த மாதிரி அளந்து பதில் சொல்லிடும். சொன்னதும் அந்த நிலை கலைஞ்சுடும், இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சாதாரண கம்ப்யூட்டர் ரெண்டு கேள்விக்கும் எப்பவும் சரியாப் பதில் சொல்லுதுன்னு வைங்க. அப்ப நான் என்ன பண்ணுவேன், விடை அனுப்பின இடத்துல அந்த ப்ரோக்ராமை சேவ் பண்ணி, முதல் கேள்வியைக் கேட்டுட்டு, பழையபடி ரீவைண்ட் பண்ணி ரெண்டாவதையும் கேப்பேன். ரெண்டு பதிலும் என் கையில. ரெண்டும் சேர்ந்து கிடைச்சா அந்த ரகசியக் கணக்கே உடைஞ்சுடும். அது உடையாதுன்னு நம்பறோம்னா அப்படி ஒரு சாதாரண ப்ரோக்ராம் இருக்கவே முடியாது. குவாண்டத்தை ரீவைண்ட் பண்ண முடியாது, அதனால அது மட்டும் தப்பிச்சுடுது. குவாண்டத்தோட பலவீனம்னு நாம நினைச்சதே இங்க அடையாள அட்டை ஆயிடுச்சு.

ஆனா கவனிங்க, தூரத்துல வெச்ச ரெண்டு பெட்டி சோதனைல எந்தக் கணக்கும் கஷ்டம்னு நம்ப வேண்டியதில்ல. இங்க அது வேணும். மேல சொன்ன ரகசியச் சாவி நிக்கற லேட்டிஸ் கணக்கு (பல பரிமாணப் புள்ளி வலைகளைப் பத்தின கணக்கு) குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் கஷ்டம்ங்கற நம்பிக்கை அது, புதுசா வர்ற என்க்ரிப்ஷன் முறைகள்ல பலதும் இதை நம்பித்தான் நிக்குது. லேப்ல சின்ன அளவுல அயன் வெச்சு செஞ்சு பாத்திருக்காங்க, ஏமாத்த நிஜமாவே முடியாத சைஸ் இன்னும் வரல.

கேள்வி: "கருவியை நம்பாத முறை"ன்னு பேர் வெச்சுட்டு ஒவ்வொண்ணா நம்பச் சொல்றீங்களே?

பேர் நான் வெச்சதில்ல, ஆராய்ச்சிக்காரங்க வெச்சது, ஆனாலும் கேள்வி நியாயம். நம்ப வேண்டியது: உங்க ரூம் சுவர், அதாவது பெட்டி வெளியே எதையும் கசிய விடல. கேள்வி எடுக்கற உங்க காசு. ஸ்கோர் எண்ற உங்க சாதாரண லேப்டாப். குவாண்டம் இயற்பியல் சரிங்கறது, கிளவுட் விஷயத்துல கூடவே ஒரு கஷ்டமான கணக்கு. பெட்டியும் அதைச் செஞ்சவனும் மட்டும் இந்தப் பட்டியல்ல இல்ல. எனக்கு லேப்டாப்தான் கொஞ்சம் இடிக்குது, அதையும் யாரோ ஒருத்தன்தான செஞ்சான்.

கேள்வி: அந்த விளையாட்டை நானும் என் தங்கச்சியும் விளையாடினோம், 20 சுத்துல 17 ஜெயிச்சோம். 85 சதவீதம்! நாங்க குவாண்டமா?

வாழ்த்துகள், ஆனா இல்ல. ரெண்டு பேரும் எப்பவும் 0 சொன்னாலே சராசரியா 15 வரும், 17 இல்ல அதுக்கு மேல வர்ற வாய்ப்பு 22 சதவீதம், அஞ்சு தடவை விளையாடினா ஒரு தடவை வந்துடும். 1,000 சுத்து ஆடி 853 எடுத்துக் காட்டுங்க, அது அதிர்ஷ்டத்துல வர்ற வாய்ப்பு நூறு கோடில ஒண்ணை விடக் குறைவு. எடுத்துட்டீங்கன்னா முதல்ல எனக்கு எழுதாதீங்க, நடுவுல இருக்கற கதவு சாத்தியிருந்துச்சான்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க.